ஹியூபேட் அங்கிளின் பித்தளைத் தொப்பிகள்

ஹியூபேட் சவுந்தரநாயகம் சேர்த்த முதல் சாம்பல் கிண்ணம் அவருடைய நெற்றியில் வந்து மோதியது.

அது ஐம்பத்தொன்றாம் ஆண்டு. அவருக்கு இருபது வயது. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மீன், இறைச்சி, மரக்கறி, சவர்க்காரம் கொடுக்கும் ஒரு கம்பனியில் வோட்டர் கிளாக்காக இருந்தார். கப்பல் நங்கூரம் போட்டதும் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் போய் ஏறி, என்ன சாமான் வேண்டும் என்று கேட்டு வருவதுதான் வோட்டர் கிளாக்கின் வேலை. முந்திய நாள் கம்பனி அனுப்பிய மீன் நாறிப்போயிருந்ததாம். அது அவருக்குத் தெரியாது. காலை வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே போனவரைப் பார்த்ததும், கப்பலின் சாப்பாட்டுக்குப் பொறுப்பான தலைமை ஸ்டூவர்ட் மேசையில் இருந்த பித்தளைக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தான். கப்பல் ஆடும்போது வழுக்கிப் போகாமல் இருக்க அடியில் ஈயம் ஊற்றிய கிண்ணம் அது. புருவத்துக்கு மேலே எலும்பு தெரியப் பிளந்தது.

ஹியூபேட் விழவில்லை. சட்டைக் கையால் இரத்தத்தைத் துடைத்தார். குனிந்து கிண்ணத்தை எடுத்தார். அதன் விளிம்பில் ஒரு நங்கூரமும் கப்பலின் பெயரும் வெட்டியிருந்தன. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கயிற்றேணியால் இறங்கத் தொடங்கினார்.

"ஏய், அதை வைத்துவிட்டுப் போ!" என்று மேலே நின்று ஸ்டூவர்ட் ஆங்கிலத்தில் கத்தினான்.

"நீங்கள்தானே, சேர், தந்தது," என்றார் இவரும் ஆங்கிலத்தில்.

இந்தக் கதையைக் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் கேட்காதவர்கள் இல்லை. சொல்லி முடித்ததும் புருவத்துத் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். பிறகு தன்னுடைய சட்டத்தையும் சொல்லுவார்: "கப்பல் சாமானெண்டால் ஒண்டில் கேட்டு வாங்கோணும், இல்லாட்டி அடி வாங்கோணும். களவெடுக்கக் கூடாது."

அந்தச் சட்டத்தின்படி முப்பது வருடம் சேர்த்தார். பயணிகள் கப்பல்களின் பீங்கான் கிண்ணங்கள். பழைய போர்க்கப்பலை உடைத்த தேக்குப் பலகையில் கடைந்தவை. கடற்படைக்காரர்கள் தங்கள் கப்பல் சின்னத்தைப் பொறித்து வைத்திருந்த பித்தளைக் கிண்ணங்கள். அவற்றோடு மாலுமித் தொப்பிகளின் நாடாக்கள், தேக்கரண்டிகள், சாப்பாட்டு அறையின் மணி ஒன்று. முன் அறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்து எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். அவரே சிகரெட் குடிப்பவர்தான். ஆனால் சாம்பலைப் பழைய பால் டின்னில் தட்டுவார். அலுமாரியில் இருப்பதில் ஒரு பொட்டுச் சாம்பல் விழ விடமாட்டார்.

கப்பலில் முதலில் ஏறுகிறவனுக்குத்தான் வியாபாரம் கிடைக்கும். அதனால் வோட்டர் கிளாக்குமாருக்குள்ளே அடிபிடி ஓயாது. வேறொரு கம்பனியின் ஆளான சங்கிலி என்பவன் ஒருமுறை கயிற்றேணியில் மேலே நின்று, கீழே வந்த ஹியூபேட்டின் விரல்களைச் சப்பாத்துக் காலால் மிதித்தான். ஹியூபேட் ஒரு கையை விட்டு, சங்கிலியின் காலைப் பிடித்து இழுத்தார். சங்கிலி லோஞ்சின் விளிம்பில் விலா அடிபட விழுந்தான். இரண்டு எலும்பு முறிந்தது. கப்பலில் வேடிக்கை பார்த்த இயந்திர அறைக்காரர்கள் கைதட்டி ஹியூபேட்டுக்கு ஒரு கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். சங்கிலியை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அதைக் கொண்டுபோய்க் காட்டினாராம்.

"இது உன்ரை விலாவுக்குத் தந்தது, மச்சான்."

"அப்ப பாதி எனக்கு. அறுத்துத் தா," என்றானாம் சங்கிலி.

நான் எழுத நினைத்தது ஒரு சோடிக் கிண்ணங்களைப் பற்றி. ஐம்பதுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்து நின்றபோது, பீரங்கியில் வேலை செய்யும் ஒருவனிடம் ஒரு போத்தல் சாராயம் கொடுத்து ஹியூபேட் அவற்றை வாங்கினார். பீரங்கிக் குண்டின் பித்தளை ஓட்டின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்து, விளிம்பை வளைத்து, கடற்படை அதிகாரியின் தொப்பியைப் போலச் செய்திருந்தான். கவிழ்த்தால் தொப்பி. நிமிர்த்தினால் சாம்பல் கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் கட்டைவிரல் தடிப்பில் ஒரு பித்தளைக் குமிழ் நின்றது. பைப் குடிக்கிறவர்கள் சாம்பலைத் தட்ட என்று சொன்னான். யுத்தத்தில் விமானத்தைச் சுட்டு விழுத்திய குண்டின் ஓடு என்றும் சொன்னான். ஹியூபேட் நம்பினார். எங்கள் எல்லோருக்கும் அப்படியே சொன்னார்.

அது பொய். அந்த உலோகம் எதையும் சுடவில்லை. சுட்ட ஓடுகள் கைக்குக் கிடைக்காததால், அவன் சுடாத குண்டுகளைக் கழற்றி, உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு ஓட்டை அறுத்திருக்கிறான். நடுவில் நின்ற குமிழ் உண்மையில் ஒரு குழாய். குண்டுக்குத் தீ மூட்டுகிற மருந்து அதற்குள்தான் இருக்கும். அதை அவன் கழற்றவில்லை. முப்பது வருடம் அந்த இரண்டு தொப்பிகளும் அலுமாரியின் நடுத்தட்டில் இருந்தன. ஹியூபேட் சனிக்கிழமைகளில் அவற்றைப் புளி போட்டு மினுக்கினார்.

எண்பத்துமூன்று ஜூலையில் தமிழர் வீடுகளை எரித்த கூட்டம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது, ஹியூபேட்டும் அவருடைய மனைவி டோரின் அன்ரியும் ஸஹாப்தீன் நானாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒளிந்திருந்தார்கள். ஸஹாப்தீன் நானா பழைய பித்தளை, செம்பு வாங்கி விற்பவர். கூட்டம் போன பிறகு வந்து பார்த்தால், ரேடியோ இல்லை, கட்டில் எரிந்திருந்தது, தையல் மெஷினைக் கோடாலியால் பிளந்திருந்தார்கள். அலுமாரிக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. கிண்ணங்களில் ஒன்றும் போகவில்லை. ஒன்றில் மட்டும் யாரோ சிகரெட்டை நசுக்கிவிட்டுப் போயிருந்தான்.

ஹியூபேட் அந்தச் சிகரெட் கட்டையை எடுத்து எறிந்துவிட்டு, கிண்ணத்தைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"பாத்தீங்களா அண்ணே, கள்ளனுக்கும் வேணாத சாமான்," என்றார் ஸஹாப்தீன் நானா. "எனக்கு நெறைக்குத் தந்திடுங்க."

"உம்மை நிறுத்து வித்தாலும் இதில ஒண்டு வாங்கேலாது, ஓய்!" என்று ஹியூபேட் சீறினார். கட்டில் எரிந்ததற்கு அவர் அவ்வளவு கோபப்படவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எண்பத்தாறில் டோரின் அன்ரியின் தமக்கை மகன் செபஸ்தியன் மன்னாரிலிருந்து வந்து அவர்களோடு தங்கினான். வயது இருபத்தொன்று. பாஸ்போட் எடுத்து, கப்பலில் வேலைக்குப் போக ஆசை. அந்த நாட்களில் மன்னார் விலாசம் உள்ள அடையாள அட்டையோடு ஒரு தமிழ்ப் பெடியன் கொழும்பில் நடமாடுவது என்றால் என்ன என்று என் வயதில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புலி என்று சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவன் பகலில் வாசலுக்கும் வரமாட்டான். அவனை உயிரோடு நாட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர டோரின் அன்ரிக்கு வேறு யோசனை இருக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் அவனுக்காக மெழுகுதிரிக் கட்டொன்றை ஏற்றிவிட்டு வருவார்.

அந்தக் கோயிலில் செவ்வாய்க்கிழமைச் சனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரியை ஏற்றி நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் நிற்கிறவர் இடிப்பார். திரி பாதி எரிய முன்னமே கோயில் ஆள் வந்து வழித்து எடுத்து அடுத்தவருக்கு இடம் வைப்பார். அதனால் ஒரு கட்டுத் திரி ஒன்றாகச் சேர்ந்து அடிவரை எரிந்தால் என்ன நடக்கும் என்பதை டோரின் அன்ரி ஒருநாளும் கண்டதில்லை.

அன்றும் செவ்வாய்க்கிழமை. காலையில் சந்தியில் ஆமி வீதியை மறித்துச் சோதனை போட்டது. டோரின் அன்ரி பாதி வழியில் திரும்பி வந்தார். நேர்ந்ததை நேர்ந்த நாளில் செய்யாமல் விட அவருக்கு மனமில்லை. வீட்டில் இருந்த அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் கட்டு முழுவதையும் ஏற்ற நினைத்தார். அத்தனை திரியும் கொள்ளக் கூடிய பாத்திரம் அலுமாரியில்தான் இருந்தது. தொப்பி ஒன்றை எடுத்து, நடுக்குமிழைச் சுற்றித் திரிகளை நெருக்கி நட்டார். ஹியூபேட் பின்முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்டிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

திரிகள் ஒன்றையொன்று உருக்கின. மெழுகு கிண்ணம் நிறையத் தேங்கியது. திரி நூல்கள் அதற்குள் சரிந்து விழ, மெழுகு முழுவதும் பற்றி ஒரே சுவாலையாக எழுந்தது.

"மகன், இஞ்ச ஓடி வா!" என்று டோரின் அன்ரி கூப்பிட்டார். "அந்தோனியார் கேட்டுப்போட்டார். சோதி மாதிரி எரியுது, பார்!"

செபஸ்தியன் வந்து அவருக்குப் பின்னால் நின்றான். அப்போதுதான் குழாய் வெடித்தது.

எங்கள் வீட்டுக் கண்ணாடிகளும் அதிர்ந்தன. சுரூபத்தின் கையிலிருந்த பாலன் இயேசு துண்டு துண்டாகப் போனார். பித்தளைச் சிதறல் ஒன்று டோரின் அன்ரியின் இடது கண்ணில் ஏறியது. இன்னொன்று தாடையைக் கிழித்தது. கொதித்த மெழுகு அவருடைய கழுத்திலும் கைகளிலும் படிந்து தோலோடு உரிந்தது. செபஸ்தியனுக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சந்தியில் நின்ற ஆமிக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான்: புகை அடைத்த ஒரு தமிழ் வீடு, கை முழுக்க இரத்தத்தோடு ஒரு இளைஞன், தரையில் பீரங்கிக் குண்டின் ஓடு. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். மன்னார். முதல் அடி துவக்குப் பிடியால் வாயில் விழுந்தது. பிறகு அவனை ஒழுங்கையில் குப்புறப் போட்டு, அவனுடைய சட்டையாலேயே கையைப் பின்னால் கட்டி, முதுகில் ஏறி மிதித்தார்கள். அவன் "சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்கு, சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அலுமாரியில் இருந்த பித்தளை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டி, அவனையும் சாக்கையும் ஜீப்பில் எறிந்து பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஹியூபேட் பாதிச் சவரத்தோடு வாசலில் நின்றார். நாங்கள் டோரின் அன்ரியை ஓட்டோவில் ஏற்றினோம். ஹியூபேட்டும் கூட ஏற வந்தார். டோரின் அன்ரி ஒற்றைக் கண்ணால் பார்த்து, இரத்தம் போகும் வாயால் சொன்னார்:

"என்னை விடுங்கோ. பெடியனைப் போய்ப் பாருங்கோ. இண்டைக்கு விட்டால் அவன் இல்லை."

வெடித்த கிண்ணத்தின் உடைந்த துண்டு ஒன்று வாசற்படியில் கிடந்தது. குழாய் பிளந்து விரிந்த விதத்தைப் பார்த்ததும் பீரங்கிக்காரன் சொன்ன பொய் ஹியூபேட்டுக்குப் பிடிபட்டது. அவர் ஸஹாப்தீன் நானாவையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே நடந்ததை ஸஹாப்தீன் நானாவும் செபஸ்தியனும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

அவர்கள் போனபோது செபஸ்தியன் தரையில் கிடந்தான். மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஹியூபேட்டின் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு சப் இன்ஸ்பெக்டர் உடைந்த தொப்பியைக் கையில் வைத்திருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"இது என்ன, கிழவா?"

"ஆஷ்ட்ரே, சேர்."

"ஆஷ்ட்ரே வெடிக்குமா?"

"இது வெடிச்சிட்டுது, சேர்."

ஒரு கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டான். சப் இன்ஸ்பெக்டர் ஹியூபேட்டின் கன்னத்தில் அறைந்தார். சவர்க்கார நுரை காய்ந்த பக்கம். ஹியூபேட் நிமிர்ந்து, பீரங்கிக்காரனையும் சாராயத்தையும் மெழுகுதிரியையும் பற்றி முழுவதையும் சொன்னார்.

"அந்தக் கப்பல்காரன் உனக்குப் பொய் சொன்னான். நீ மட்டும் எனக்கு உண்மை சொல்கிறாயா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "பின்னேரம் இவனைக் கொண்டுபோக ஜீப் வரும். அங்கே சொல்லட்டும்."

அங்கே என்பது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. போனவர்களில் திரும்பி வந்தவர்களை எங்களுக்குத் தெரியாது.

ஹியூபேட் மேசையைப் பார்த்தார். இரண்டாவது தொப்பி முழுதாக இருந்தது. "சேர், அதுவும் இதுவும் ஒருவன் செய்தது," என்றார். "அதுக்குள்ளும் மருந்து இருக்க வேணும். ஒரு ஆணியும் சுத்தியலும் தாங்கோ. அடியில அடிச்சுக் காட்டுறன். அது வெடிச்சால் நான் சொன்னது உண்மை."

"வெடிக்காவிட்டால்?"

"என்னையும் ஏத்துங்கோ."

சப் இன்ஸ்பெக்டருக்கு அது விளையாட்டாகப் பட்டது. சுத்தியலும் ஆணியும் வந்தன. ஹியூபேட்டைப் பின்முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். செபஸ்தியனையும் இழுத்து வந்து நிற்க வைத்தார்கள். பொலிஸ்காரர்கள் எல்லோரும் சுவருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

ஸஹாப்தீன் நானா ஹியூபேட்டின் காதுக்குக் கிட்ட வந்தார். "அண்ணே, மருந்து இருந்தா ஒங்கட கை போகும். இல்லாட்டிப் பொடியன் போவான். ரெண்டையும் யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன கிடக்கு? நீர் தள்ளி நில்லும், ஓய்."

அவர் தொப்பியைக் கவிழ்த்து, முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, குழாயின் அடி வட்டமாகத் தெரிந்த இடத்தின் நடுவில் ஆணியை இடது கையால் பிடித்து, அடித்தார். ஆணி வழுக்கியது. மறுபடியும் அடித்தார். பித்தளையில் சின்னப் பள்ளம் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சுவருக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஜீப்பும் வந்து வாசலில் நின்றது. சப் இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, இரண்டு பேர் செபஸ்தியனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சித்தப்பா!" என்று அவன் கத்தினான்.

ஹியூபேட் சுத்தியலைத் தலைக்கு மேல் ஓங்கி, இருக்கிற பலம் முழுவதையும் போட்டு இறக்கினார்.

சத்தத்தில் தண்ணீர்த் தொட்டி வெடித்ததாகத்தான் ஸஹாப்தீன் நானா நினைத்தாராம். ஆணி பின்னால் எகிறி ஹியூபேட்டின் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் இல்லை. உடுத்திருந்த சாரம் தொடையில் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற காவல்காரன் தாக்குதல் என்று நினைத்து வானத்தில் சுட்டான். ஒரு கொன்ஸ்டபிள் பயத்தில் ஓடி வந்து, ஏற்கெனவே விழுந்து கிடந்த ஹியூபேட்டின் தோளில் துவக்குப் பிடியால் குத்தினான். எலும்பு முறிந்தது. ஸஹாப்தீன் நானாதான் தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றி நெருப்பை அணைத்தார்.

சப் இன்ஸ்பெக்டர் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தார். வீட்டில் வெடித்ததையும் இப்போது வெடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு குழாயும் ஒரே விதமாகப் பிளந்திருந்தன.

"அந்தப் பொடியனை இறக்கு," என்றார் கடைசியில். "இந்தக் கிழவனை ஏற்று."

வெடிமருந்து வைத்திருந்தவர் ஹியூபேட்தான் என்று அவரே நிரூபித்துவிட்டார் அல்லவா? ஆஸ்பத்திரியிலேயே அவரைக் கைதியாக்கினார்கள். வழக்கு நடந்தது. பல மாதம் ரிமாண்டில் இருந்துதான் விடுபட்டார். இப்போது ஒழுங்கையில் மூன்று விரல் கையோடு நடமாடுகிறார். டோரின் அன்ரிக்கு இடது கண் இல்லை. செபஸ்தியன் நாட்டை விட்டுப் போய்விட்டான். இதையெல்லாம் எல்லோரும் அறிவார்கள். அதற்கு முந்திய ஒரு காலைப் பொழுதைப் பற்றித்தான் பலருக்குத் தெரியாது.

சில நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டுச் செபஸ்தியனை விட்டார்கள். வீங்கிய கால்களோடு அவன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். டோரின் அன்ரி ஒரு வார்ட்டில், ஹியூபேட் வேறொரு கட்டடத்தில். ஹியூபேட்டின் இடது கை பந்துபோலக் கட்டப்பட்டிருந்தது. வலது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கொன்ஸ்டபிள் கதிரையில் இருந்தான். ஹியூபேட்டின் மடியில் மீன் அடைத்த பாண் ரொட்டி ஒன்று கிடந்தது. தொடவில்லை. தொட வழியில்லை.

"ஒரு கையைக் கழட்டி விடுங்கோ, சாப்பிடட்டும்," என்று செபஸ்தியன் சிங்களத்தில் கேட்டான்.

"சாவி சார்ஜன்ட்டிடம்," என்றான் கொன்ஸ்டபிள். "நீயே ஊட்டிவிடு."

செபஸ்தியன் பாணில் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்தான். "ஏன் சித்தப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினான்.

"மூக்கைத் துடை. பாணில விழுது," என்றார் ஹியூபேட். "டோரின் சாப்பிட்டவளோ?"

"இல்லை. நீங்கள் சாப்பிட்டனீங்கள் எண்டு நான் போய்ச் சொன்னால்தான் சாப்பிடுவாவாம்."

"அப்ப என்ன குருவிக்குத் தீத்துறமாதிரித் தீத்திக்கொண்டு நிக்கிறாய்? பெரிசாப் பிய். கெதியா வை."

செபஸ்தியன் பாணைப் பாதியாகப் பிய்த்து அவருடைய வாயில் வைத்தான். ஹியூபேட் மென்று முடிக்க முன்னமே மற்றப் பாதிக்கும் வாயைத் திறந்தார்.